காமாக் கமராவும் பற்றரி தீர்ந்த மானியும்

கேள்வி: சுன்னாகத்திலிருந்து எழுதுகிறேன். இருபது வயதான என் தம்பி, எரிபொருள் தாங்கிகளிலும் குழாய்களிலும் உள்ள வெல்டிங் இணைப்புகளைக் காமாக் கதிரால் படமெடுக்கும் கம்பனி ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. உடம்பில் அணியும், கதிர்வீச்சை அளக்கும் பட்டையைத் தொலைத்துவிடுவான் என்று சொல்லி, அதை அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வரும்படி மேற்பார்வையாளர் சொல்கிறாராம். கையில் பிடிக்கும் கதிர்வீச்சு மானி ஒன்றே ஒன்றுதான் உண்டு, அதிலும் பல நாட்கள் பற்றரி இருப்பதில்லை. அம்மா பயந்து அவனுடைய உடுப்புகளைத் தனியாகத் துவைக்கிறா. அவன் இந்த வேலையைத் தொடரலாமா?

பதில்: பட்டையைப் பற்றி முதலில் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கூடுதலாகக் கலங்க வைப்பது பற்றரி இல்லாத மானிதான். வேலை செய்யும் மானி ஒன்று கைக்கு வரும்வரை உங்கள் தம்பி அந்தக் கமராவுக்கு அருகே போகக் கூடாது.

இதற்குக் காரணம் கருவியின் அமைப்பிலேயே இருக்கிறது. கமரா என்று அழைக்கப்படும் அந்தப் பாரமான பெட்டிக்குள், பெரும்பாலும் காமாக் கதிரை வெளிவிடும் இரிடியம்-192 என்ற கதிரியக்க உலோகம் அடங்கிய, விரல்நுனி அளவேயான உலோக உறை ஒன்று இருக்கும். அதைச் சுற்றியுள்ள கவசம் பல கமராக்களில் ஈயம் அல்ல, ஈயத்தைவிட அடர்த்தி கூடிய வறிதாக்கப்பட்ட யுரேனியம் (கதிரியக்கம் கூடிய பகுதி பெரும்பாலும் பிரித்தெடுக்கப்பட்ட யுரேனியம்). அதாவது, படமெடுக்காத நேரத்திலும் அந்தப் பெட்டி கணக்கில் வைத்திருக்க வேண்டிய ஓர் அணுப்பொருள்தான். படமெடுக்கும்போது, தூரத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றி, கம்பிவடம் ஒன்றின் மூலம் அந்த உறையை வழிகாட்டிக் குழாய்க்குள் வெளியே தள்ளி, பிலிமில் பதிவு முடிந்ததும் திரும்ப உள்ளே இழுக்கிறார்கள். உறை கம்பிவடத்திலிருந்து கழன்றுவிட்டால், கைப்பிடி வழமைபோலவே சுற்றும், வடமும் திரும்பி வந்துவிடும், பார்ப்பவருக்கு எல்லாம் முடிந்ததாகவே தோன்றும். ஆனால் உறை வெளியே குழாய்க்குள் கிடக்கும். காமாக் கதிருக்கு நிறமோ மணமோ சூடோ இல்லாதபடியால், அது வெளியே கிடப்பதை மானியின் முள் மட்டுமே காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் மானியைக் கையில் பிடித்தபடி கமராவையும் குழாயின் முழு நீளத்தையும் சோதிக்க வேண்டும் என்ற விதி இதனால்தான் வந்தது.

1984ஆம் ஆண்டு மொரோக்கோவின் மொகமதியா நகரில், மின்நிலையக் கட்டுமான இடமொன்றில், இப்படிக் கழன்று விழுந்த இரிடியம் உறையை ஒரு தொழிலாளி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்தச் சம்பவத்தில் எட்டுப் பேர் இறந்தார்கள், அந்தத் தொழிலாளியின் குடும்பமே அழிந்தது. தொடக்கத்தில், கதிர்வீச்சுத்தான் காரணம் என்று எவருக்கும் தோன்றவில்லை. 1999 பெப்ரவரியில் பெரு நாட்டின் யனாங்கோ நீர்மின் நிலையத்தில் வெல்டிங் தொழிலாளி ஒருவர் அத்தகைய உறையொன்றைக் காற்சட்டையின் பின்பையில் போட்டுக்கொண்டு பல மணிநேரம் வேலை செய்தார். அவர் தன் காலை இழந்தார்.

அளவைச் சொன்னால் விளங்கும். கதிர்மூலத்தின் வலிமையை டெராபெக்கெரலிலும், உடலில் படும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட்டிலும் அளப்பார்கள். இத்தொழிலில் சாதாரணமாகப் பயன்படும் ஒரு டெராபெக்கெரல் வலிமையுள்ள இரிடியத்திலிருந்து ஒரு மீற்றர் தூரத்தில் மணிக்கு ஏறத்தாழ 130 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு வரும். தொழிலாளருக்குச் சர்வதேச நியமங்கள் அனுமதிப்பது, ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் மட்டுமே. ஒரு மீற்றரில் நிற்பவருக்கு அது ஒன்பது, பத்து நிமிடங்களில் தீர்ந்துவிடும். பத்து மீற்றர் விலகி நின்றால் கதிர்வீச்சு நூறில் ஒரு பங்காகிவிடும், பத்துச் சென்ரிமீற்றருக்குக் கிட்டப் போனால் நூறு மடங்காகிவிடும். பொதுமக்களுக்கான வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் என்பதால்தான், ஆட்கள் குறைந்த இரவு நேரத்தில், கயிறு கட்டி, எச்சரிக்கைப் பலகை வைத்து இந்த வேலையைச் செய்கிறார்கள்.

இனிப் பட்டை. அது கதிரைத் தடுக்காது, எவ்வளவு பட்டது என்பதைப் பிறகு சொல்லும், அவ்வளவுதான். ஆனால் அலுவலக லாச்சியில் கிடக்கும் பட்டை உங்கள் தம்பிக்கு ஒன்றுமே படவில்லை என்று சாட்சி சொல்லும். பத்து வருடம் கழித்து ஒரு நோய் வந்தால் அந்தப் பொய்ச்சாட்சி அவனுக்கு எதிராகவே நிற்கும். மேற்பார்வையாளரின் இந்த ஏற்பாட்டை நான் சிறு கவனக்குறைவாகக் கருதவில்லை.

அவன் கேட்க வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டத்தின்படி, இத்தகைய கதிர்மூலத்தை வைத்திருக்கவும் பயன்படுத்தவும் இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அந்தப் பத்திரத்தையும், கம்பனியின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் யார் என்பதையும், மானி கடைசியாக எப்போது அளவுதிருத்தம் செய்யப்பட்டது என்பதையும், தன் பட்டையின் இதுவரையான அளவீடுகளையும் அவன் மரியாதையாக, எழுத்தில் கேட்கட்டும். கேட்ட திகதியையும் கிடைத்த பதிலையும் கொப்பியொன்றில் குறித்து வைக்கட்டும். பதில் வராவிட்டால் பேரவைக்கே முறையிடலாம்.

அம்மாவுக்குச் சொல்லுங்கள்: உறை உடையாமல் இருக்கும்வரை கதிர் உடுப்பில் ஒட்டி வீட்டுக்கு வராது, கதிர் பட்டவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றவும் மாட்டாது. அவனுடைய உடுப்பை மற்றவர்களுடைய உடுப்போடு சேர்த்தே துவைக்கலாம். ஆனால் வேலையிடத்தில் கிடந்த பளபளப்பான சிறிய உலோகத் துண்டு எதையும் அவன் குனிந்து எடுக்கவே கூடாது. அப்படி ஒன்றைக் கண்டால் தொடாமல் விலகி, மற்றவர்களையும் விலக்கி, பாதுகாப்பு அலுவலருக்கு அறிவிக்க வேண்டும்.

வேலை முடிந்து சில மணிநேரத்தில் காரணமில்லாத வாந்தி வந்தாலோ, சில நாட்கள் கழித்துக் கையிலோ தொடையிலோ சுடுபட்டதுபோலத் தோல் சிவந்தாலோ, யாழ். போதனா வைத்தியசாலைக்குப் போய், தான் காமாக் கமராவோடு வேலை செய்பவன் என்பதை அவன் முதல் வார்த்தையாகவே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அவன் சொல்லாமல் எந்த வைத்தியருக்கும் அது தோன்றாது.