படத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது?

கேள்வி: என் ஆறு வயது மகளுக்குக் காற்று, பட்டம், விமானம் என்றால் உயிர். ஆனால் வாங்கித் தந்த புத்தகங்களில் பாதியை ஒரே புரட்டலில் மூடிவிடுகிறாள். ஒன்றை மட்டும் தினமும் படிக்கச் சொல்கிறாள். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பட்டம் விடுகிற பக்கத்தை முதலில் பாருங்கள். காற்று கண்ணுக்குத் தெரியாதே, அதனால் ஓவியர் அதைக் கொடியில் காயும் துணி, தலைமுடி, புகை என்று வேறு எதிலாவதுதான் காட்ட முடியும். பட்டம் வலப்பக்கம் ஏறியிருந்தால் முடியும் துணியும் வலப்பக்கம்தான் பறக்க வேண்டும், காற்று போகிற திசையில்தானே பட்டமும் போகும். பல படங்களில் பட்டம் ஒரு பக்கம், பாவாடை இன்னொரு பக்கம்! பட்டத்தின் முன்பக்கம் கட்டுகிற நூலான சூத்திரமும் இருக்காது. அந்த நூல்தான் பட்டம் எந்தச் சாய்வில் காற்றை வாங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது, அதை விட்டுவிட்டுப் பட்டத்தை வரைந்தால் எப்படி? ஒரு தடவை பட்டம் விட்ட பிள்ளைக்கே இது உறுத்தும். அவள் மூடிவைத்த புத்தகங்களை இந்தக் கண்ணோடு ஒருமுறை புரட்டுங்களேன்.

கதை என்றால், காற்று அதில் ஏதாவது வேலை செய்ய வேண்டும். 1848-இல் நயாகரா பள்ளத்தாக்கின் குறுக்கே தொங்குபாலம் கட்ட முதல் நூலை அக்கரைக்குக் கொண்டுபோனது ஒரு சிறுவன் விட்ட பட்டம்தான். அந்த நூலில் கட்டிக் கனமான கயிறு, அப்புறம் கம்பி என்று ஒவ்வொன்றாக இழுத்தார்கள். இப்படி ஒரு கதை கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். ரைட் சகோதரர்களைப் பற்றிய புத்தகத்தில் 1903-இல் 12 விநாடி பறந்ததைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். ஆனால் அதற்கு முன்னால், 1900-இல், தங்கள் கிளைடரை, அதாவது இயந்திரம் இல்லாத விமானத்தை, கயிறு கட்டிப் பட்டம் மாதிரி பறக்கவிட்டுத்தான் பார்த்தார்கள். பட்டத்தின் மேல் ஆசை உள்ள பிள்ளைக்கு அந்தப் பக்கம்தான் முக்கியம், அது இல்லாத புத்தகத்தை நான் வாங்க மாட்டேன்.

அறிவியல் புத்தகத்தில் இறக்கை விமானத்தை எப்படித் தூக்குகிறது என்கிற பக்கத்தைக் கடையிலேயே படித்துவிடுங்கள். மேல்பக்கக் காற்றுக்குத் தூரம் அதிகம், கீழ்க்காற்றோடு ஒரே நேரத்தில் போய்ச் சேரத்தான் அது வேகமாக ஓடுகிறது என்று எழுதியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். அது தவறு, இரண்டும் ஒன்றாகப் போய்ச் சேருவதே இல்லை. இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. ஆறு வயதுக்கு இவ்வளவு போதும்.

தினமும் ஒரே புத்தகமா? கிழிகிறவரை படிக்கட்டும். நடுவில் நிறுத்தி, “இப்போ காற்று நின்றுபோனால் என்ன செய்வாய்?” என்று மட்டும் கேளுங்கள். நூலை இழுப்பேன் என்று சொன்னால் சரியான பதில். இழுக்கும்போது பட்டம் காற்றுக்குள் நகர்கிறது, காற்றடிக்கிற மாதிரியே ஆகிவிடுகிறது. விமானம் ஓடுபாதையில் அத்தனை வேகமாக ஓடுவதும் இதற்குத்தான் என்று அப்போதே சொல்லிவிடலாம்.