பாட்டு கிடக்கட்டும், பி.ஜி.எம். (பின்னணி இசை) எப்படி?

சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். கதை, நடிப்பு பற்றி யாருமே கேட்கவில்லை. எல்லாருக்கும் காதுதான் பிரச்சினை.

'கங்குவா'வை ஈப்போவில் பார்த்தோம். இடைவேளைக்குள் காது இரைய ஆரம்பித்துவிட்டது. தேவி ஸ்ரீ பிரசாத்தின் இசைதான் இரைச்சல் என்கிறான் என் தம்பி. கொட்டகையில் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டார்கள் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
– வாசகர், சுங்கை சிப்புட்

இரண்டு பேரும் ஒரு ஆளை விட்டுவிட்டீர்கள். வசனம், இசை, சத்தங்கள் மூன்றையும் சேர்த்து அளவு வைக்கிற ஒலிக்கலவைக்காரர் நடுவில் இருக்கிறார். இசையமைப்பாளர் எழுதியது ஒன்று, கலவையில் அது உட்கார்ந்த இடம் இன்னொன்று, கொட்டகை அதை ஒலிபரப்புவது வேறொன்று. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் பி.ஜி.எம்.மைத் திட்டுவதும் புகழ்வதும் வீண்.

கலவை செய்யும் அரங்கில் ஒலியளவுக் குமிழ் 7-இல் நிற்கும். அந்த 7-இல், திரைக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு ஒலிபெருக்கியும் சோதனை இரைச்சலுக்கு 85 டெசிபெல் தர வேண்டும் என்பது கணக்கு. கொட்டகையும் அதே அளவில் சரிசெய்யப்பட்டு, அதே 7-இல் ஓட வேண்டும். அந்தக் குமிழில் 4-க்கு மேல் ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறைய 3.3 டெசிபெல். 2024 நவம்பரில் 'கங்குவா' வெளியானதும் சத்தம் பற்றிய புகார் குவிந்தது. ஒலியளவை 2 புள்ளி குறைக்கும்படி கொட்டகைகளிடம் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளர் ஞானவேல்ராஜாவே அறிவித்தார். 2 புள்ளி என்றால் 6.7 டெசிபெல். காதுக்கு மூன்றில் ஒரு பங்கு குறைந்த மாதிரி இருக்கும்.

ஆனால் குமிழைத் திருப்பினால் இசை மட்டும் இறங்காது, வசனமும் கூடவே இறங்கும். சொல் புரிவதற்கு வேண்டிய க, ச, த, ப ஓசைகளின் கூர்மை பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையில் இருக்கிறது. கோரஸ் குரலும் பித்தளை வாத்தியங்களும் முரசின் அடியும் அதே இடத்தை அடைத்துக்கொண்டால், எந்த அளவில் ஓட்டினாலும் வசனம் புதைந்துதான் கிடக்கும். சத்தம் குறைந்த பிறகும் பேச்சு விளங்கவில்லை என்று பலர் சொன்னதற்குக் காரணம் இதுதான். ஆஸ்கர் வாங்கிய ஒலிப்பதிவாளர் ரசூல் பூக்குட்டியும் அப்போது இதைத்தான் வெளிப்படையாக வருத்தப்பட்டார்: யார் அதிகச் சத்தம் என்ற போட்டியில் கலை அடிபடுகிறது என்று. இதில் ஒரு விஷச் சுற்றும் இருக்கிறது. கொட்டகைகள் பயந்து 5-இல் ஓட்டுகின்றன. அது தெரிந்த கலவைக்காரர்கள் அடுத்த படத்தை இன்னும் ஓங்கிக் கலக்கிறார்கள். கொட்டகைகள் 4.5-க்கு இறங்குகின்றன.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க ஒரு வழி. படத்துக்கு முன் வரும் விளம்பரமும் முன்னோட்டமும் காதைக் கிழித்தால் கொட்டகையின் அளவு தப்பு. அமைதியான காட்சியில் வசனம் சுகமாகக் கேட்டு, சண்டையில் மட்டும் வலித்தால் கலவை தப்பு. அதே இசையை வீட்டில் சின்ன அளவில் தனியாகப் போட்டுக் கேளுங்கள். மெட்டு நிற்காமல் முழக்கம் மட்டும் மிஞ்சினால் அப்போது தம்பி சொல்வதை ஒத்துக்கொள்ளலாம். 'கங்குவா'வைப் பொறுத்தவரை என் தீர்ப்பு: கலவைக்குப் பாதிக்கு மேல், இசைக்குக் கொஞ்சம். மூச்சு விட இடமில்லாமல் எழுதிய இசைதான் அது.

அடுத்த முறை டிக்கெட் எடுக்கும்போது திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடு வரிசையில் எடுங்கள். கலவைக்காரர் உட்காரும் இடமும் ஏறத்தாழ அதுதான். கடைசி வரிசையில் பின்சுவரை ஒட்டி அடித்தொனி குவியும். பக்கச் சுவர் ஒலிபெருக்கிக்குக் கீழே உட்கார்ந்தால் ஒரு காதுக்கு மட்டும் படம்.

வீட்டுத் தொலைக்காட்சியில் படம் பார்த்தால் பேச்சு கேட்கவில்லை, இசை வந்தால் பக்கத்து வீடு எழுந்துவிடுகிறது. ரிமோட் கையிலேயே இருக்கிறது. சவுண்ட்பார் வாங்கினால் தீருமா?
– வாசகி, தாமான் குடியிருப்பு

வாங்குமுன் காசில்லாத வேலைகளைச் செய்து பாருங்கள். ஸ்ட்ரீமிங் செயலிகள் பல சமயம் 5.1 ஒலியை (ஐந்து ஒலிபெருக்கி, ஒரு அடித்தொனிப் பெட்டிக்கானது) அனுப்புகின்றன. அதில் வசனம் ஏறக்குறைய முழுதும் நடு ஒலிபெருக்கியில், இசை மற்ற நான்கிலும் பரவி இருக்கும். உங்கள் தொலைக்காட்சியில் இரண்டே ஒலிபெருக்கி. அவையும் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ இருக்கும். ஐந்து வழியில் வந்தது இரண்டில் திணிக்கப்படும்போது இசை ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகிறது, வசனம் அடியில் போகிறது.

முதலில் படம் ஓடும்போதே செயலியின் ஒலி மெனுவைத் திறந்து, தமிழ் 5.1 என்று இருந்தால் வெறும் தமிழ் அல்லது ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். ஸ்டீரியோவுக்கென்று தனியாகக் கலந்தது இருந்தால் பாதித் தொல்லை அங்கேயே போய்விடும்.  பிறகு நைட் மோட் அல்லது ஆட்டோ வால்யூம் போடுங்கள். ஓங்கியதை அமுக்கி மெல்லியதைத் தூக்கும். பி.ஜி.எம். ரசிகருக்கு இது பாவம்தான், ஆனால் இரவு பத்து மணிக்கு வேறு வழியில்லை. சினிமா, ஸ்டேடியம் என்ற பெயரில் உள்ள ஒலி வகைகள் எதிரொலி சேர்ப்பவை. அவற்றை நிறுத்திவிட்டு ஸ்டாண்டர்ட் அல்லது கிளியர் வாய்ஸில் விடுங்கள்.

இதற்கும் தீரவில்லை என்றால் சவுண்ட்பார். பெட்டியில் 2.1 என்று போட்டிருப்பதை விட 3.1 உங்களுக்கு நல்லது. அந்த 3-இல் ஒன்று வசனத்துக்கான தனி நடு ஒலிபெருக்கி. அதன் அளவை மட்டும் 2 அல்லது 3 படி ஏற்றிக்கொள்ளலாம். ஏ.ஆர்.சி. என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. துளையில் செருகுங்கள். புளூடூத் வேண்டாம், உதடு ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமும் போகும். அலமாரித் தட்டுக்குள் தள்ளி வைத்தால் கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி கேட்கும், விளிம்புக்கு இழுத்து வையுங்கள். தகரக் கூரையில் மழை கொட்டினால் மட்டும் எந்த சவுண்ட்பாரும் ஜெயிக்காது.

எந்தக் கதாநாயகன் நடந்து வந்தாலும் இப்போது ஒரே மாதிரி 'டம்… டம்…' என்று வருகிறதே. அனிருத்துக்குச் சரக்கு தீர்ந்துவிட்டதா?
– தோட்டத்து இளைஞர் மன்றம்

'ஜெயிலர்' (2023) வந்தபோது இதே மன்றம் இப்படிக் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன். 'ஹுகும்' மெட்டுக்கு ஒரு முகம் இருந்தது. படத்தில் அது துண்டு துண்டாக வந்தாலும் இன்னாருடையது என்று தெரிந்தது. 'கூலி'யில் (2025) முழக்கம் இருக்கிறது, முனகிப் பார்க்க ஒன்றும் நிற்கவில்லை. இது என் காது சொல்வது.

ஆனால் காரணம் ஒரு ஆளின் சரக்கு மட்டுமல்ல. பாட்டுகள் படப்பிடிப்புக்கு முன்பே தயாராகும். பின்னணி இசை கடைசியில், வெளியீட்டுத் தேதி கழுத்தில் உட்கார்ந்திருக்கும்போது. அதற்கு முன் படத்தொகுப்பு மேசையில் காட்சி வெறுமையாக இருக்கக்கூடாது என்று ஏற்கெனவே வெற்றிபெற்ற ஏதாவது படத்தின் இசையைத் தற்காலிகமாக ஒட்டிவைப்பார்கள். டெம்ப் ட்ராக் என்பது இதுதான். மாதக்கணக்கில் அதையே கேட்டுப் பழகிய இயக்குநர், புது இசை அதிலிருந்து விலகினால் 'ஏதோ குறைகிறது' என்பார். அப்புறம் ஒட்டிவைத்ததன் சாயலே படத்துக்குள் வந்துவிடும்.

இன்னொன்று தாளக் கணக்கு. படம் நொடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம்). நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு அடிக்குச் சரியாக 12 சட்டகம், 96-இல் 15, 90-இல் 16. கதவு திறக்கும் சட்டகத்தில் அடி விழும்படி இசையை அமைத்து முடித்த பிறகு, காட்சியில் 10 சட்டகத்தை வெட்டினால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா அடியும் தவறும். வயலின் கூட்டத்தை மறுபடி உட்காரவைக்க நேரம் கிடையாது. நீளமான மெட்டை நடுவில் வெட்டினால் காயம் தெரியும், ஒரே சுருதியில் இழுக்கிற ரீங்காரத்தையும் தனித்தனி முரசடியையும் எங்கு வெட்டினாலும் தெரியாது. கடைசி வாரம் வரை வெட்டிக்கொண்டிருக்கிற படங்களுக்கு அதனால்தான் 'டம்… டம்…' வசதி.

பாட்டே இல்லாத படங்களில் பி.ஜி.எம். தூக்கலாக இருக்குமாமே?
– வாசகர், சுங்கை சிப்புட்

இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. 'அந்த நாள்' (1954), 'குருதிப்புனல்' (1995), 'ஆரண்ய காண்டம்' (2011), 'கைதி' (2019) நான்கையும் பாருங்கள். பாட்டு இல்லை என்பது தவிர நான்குக்கும் ஒற்றுமை கிடையாது. இதில் யுவனின் 'ஆரண்ய காண்டம்' தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டியது.

'லப்பர் பந்து'வில் பழைய பாட்டு வந்ததும் கொட்டகையே ஆடியது. 'குட் பேட் அக்லி'யில் பழைய பாட்டு வந்ததற்கு வழக்கு. இது என்ன நியாயம்?
– வாசகி, எண்ணெய்ப்பனைத் தோட்டம்

வழக்கு வேறு, ரசனை வேறு. ஒரு திரைப்பாடலில் மெட்டு, வரிகள், பதிவு செய்த ஒலித்தட்டு என மூன்று தனி உரிமைகள் இருக்கின்றன. ஒலித்தட்டு நிறுவனத்திடம் அனுமதி வாங்கிவிட்டோம் என்று தயாரிப்பாளர் சொல்வார், மெட்டு என்னுடையது என்று இசையமைப்பாளர் சொல்வார். பழைய ஒப்பந்தங்களில் எது யாருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது என்பதில்தான் சண்டை. 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் 'குணா'வின் 'கண்மணி அன்போடு' வந்ததற்கும் இளையராஜா 2024-இல் நோட்டீஸ் அனுப்பினார். 'குட் பேட் அக்லி' விவகாரத்தில் 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாக இடைக்காலத் தடை கொடுத்தது.

ரசனைக்கு வருவோம். 'லப்பர் பந்து'வில் (2024) 'நீ பொட்டு வச்ச' பாட்டை யாரும் சும்மா ஒட்டவில்லை. தினேஷ் நடித்த கெத்து என்ற பாத்திரம் விஜயகாந்த் ரசிகர், பாட்டு விஜயகாந்தின் 'பொன்மனச் செல்வன்' (1989). கெத்து கிரிக்கெட் மட்டையோடு இறங்கும்போது அது வருகிறது. பாட்டை எடுத்துவிட்டால் பாத்திரத்தில் ஒரு கால் போய்விடும். ஷான் ரோல்டன் தன் இசையை அந்த இடத்தில் ஒதுக்கி வைத்ததும் பெரிய காரியம். 'விக்ர'மில் (2022) சண்டைக்கு நடுவே 'சக்கு சக்கு வத்திக்குச்சி' வந்தது இன்னொரு வகை. பாத்திரத்துக்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை, அந்த முரண்தான் விளையாட்டு. 'குட் பேட் அக்லி'யில் பழைய பாட்டுகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று வேலை செய்வதற்குள் அடுத்தது. விசில் கிடைக்கும், படம் முடிந்து வெளியே வந்தால் ஜி.வி. பிரகாஷ் போட்ட இசையில் ஒன்றும் நினைவில் இருக்காது. அதே ஜி.வி. பிரகாஷ் 'அமர'னில் எவ்வளவு அடக்கமாக வேலை செய்திருக்கிறார் என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

'தக் லைஃப்' பார்க்கப் போனதே 'முத்த மழை'க்காகத்தான். படத்தில் காணோம்!
– வாசகி, சுங்கை சிப்புட்

வெட்டிவிட்டார்கள். இசை வெளியீட்டு மேடையில் சின்மயி பாடியது தனி நிகழ்ச்சி, பாடகி தீ பாடிய பதிவு தனி, படம் தனி. ஏ.ஆர். ரகுமான் பாட்டு ஹிட்டாகிவிட்டது என்பதற்காகக் கதை இடம் விட வேண்டியதில்லை. ஆனால் பாட்டைக் காட்டியே டிக்கெட் விற்றுவிட்டு வெட்டுவது, கேட்க நல்லதாக இல்லை.

கோயில் திருவிழா முடிந்து மறுநாள் இரவு, தோட்டத்து பாலாய் ராயாவில் 150 பேருக்குப் படம் போடுகிறோம். போன வருடம் பேச்சு ஒன்றும் விளங்கவில்லை, ஒரே எதிரொலி. மண்டபம் 25 மீட்டர் நீளம், தகரக் கூரை. என்ன செய்யலாம்?
– திருவிழாக் குழு

முதலில் அனுமதி. வீட்டு ஸ்ட்ரீமிங் சந்தா வீட்டுக்கு மட்டும்தான், படத்தின் உரிமையாளரிடம் பொதுத் திரையிடலுக்குக் கேளுங்கள். அடுத்து, படத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். முரசும் கோரஸும் நிறைந்த படம் அந்த மண்டபத்தில் கூழாகிவிடும். 'டூரிஸ்ட் ஃபேமிலி', 'லப்பர் பந்து' மாதிரி பேச்சு முன்னால் நிற்கும் படம் பிழைக்கும். நம் நாட்டுப் படம் போட ஆசையென்றால் தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005) தோட்டத்துக் கதைதான், கேட்டுப் பாருங்கள்.

போன வருடம் முன்னால் இரண்டு ஒலிபெருக்கியைத் தரையில் வைத்து முழு அளவில் போட்டிருப்பீர்கள். முன்வரிசைத் தலைகள் கூர்மையை உறிஞ்சிவிடும், மிச்சம் தகரத்திலும் பின்சுவரிலும் மோதித் திரும்பும். இந்த முறை 12 அங்குல ஒலிபெருக்கி இரண்டைத் திரையின் இரு பக்கமும் 2 மீட்டர் உயரக் காலில் ஏற்றி, முகத்தைக் கொஞ்சம் கீழே சாய்த்து, கூட்டத்தின் பின்பாதியை நோக்கித் திருப்புங்கள். கூரையைப் பார்க்கக்கூடாது. மண்டபத்தின் நடுவில், முன்னவற்றிலிருந்து 15 மீட்டர் தள்ளி, சின்ன ஒலிபெருக்கி இரண்டு வைத்தால் முன்னால் உள்ளதைக் கதற விட வேண்டியதில்லை. ஆனால் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி நொடி. 15 மீட்டருக்கு 45. நடு ஒலிபெருக்கிக்கு மிக்சரில் (ஒலியைக் கலந்து அளவு வைக்கும் பெட்டி) 55 மில்லி நொடி தாமதம் கொடுங்கள். அந்தக் கூடுதல் 10 இருந்தால்தான் சத்தம் திரையிலிருந்து வருவதாகக் காது நம்பும். தாமதமே கொடுக்காவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும்.

மிக்சரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், சப்வூஃபரை (அடித்தொனிப் பெட்டியை) வீட்டிலேயே விடுங்கள். பின்சுவரில் தார்ப்பாய் உதவாது. கனத்த திரைச்சீலை, கம்பளம், பழைய மெத்தை உதவும். மடிக்கணினியின் ஒலி அமைப்பை ஸ்டீரியோவில் வையுங்கள், 5.1-இல் விட்டால் வசனம் போகிற நடுவழிக்கு ஆளே இருக்காது. காலி மண்டபத்தில் சரிபார்த்தது கூட்டம் வந்ததும் மந்தமாகும், 3 டெசிபெல் ஏற்றத் தயாராக இருங்கள். மழை சாயங்காலத்தில்தான் அடிக்கடி கொட்டும் என்பதால் எட்டரைக்கு ஆரம்பியுங்கள். நடுவில் கொட்டினால் படத்தை நிறுத்திவையுங்கள், சத்தத்தைக் கூட்டாதீர்கள்.

மடிக்கணினியைச் செருகியதும் 'ம்ம்ம்' என்று உறுமல் வந்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் மின் இணைப்பு. மடிக்கணினி, மிக்சர், புரொஜெக்டர் மூன்றையும் ஒரே சுவர்த் துளையிலிருந்து எடுங்கள், அப்படியும் உறுமினால் ஒலி வாடகைக்காரரிடம் டி.ஐ. பெட்டி (நடுவில் செருகி உறுமலைத் தடுப்பது) ஒன்று சேர்த்துக் கேளுங்கள்.