பழைய பாத்திரம், காய்கறி, மாத மளிகை: ஒரே நாளில் எதை முதலில் வாங்குவது?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறோம். எனக்குப் புதன்கிழமைதான் வார விடுமுறை. அன்று நிதானமாகப் பழைய பாத்திரக் கடைகளைச் சுற்றி, எவர்சில்வர், பித்தளை, கல்சட்டி ஏதாவது நல்லதாகக் கிடைத்தால் வாங்கிக்கொண்டு, திரும்பும் வழியில் காய்கறியும் மளிகையும் முடித்துவிடலாமா? பழைய பாத்திரத்தில் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: காய்கறியைக் கடைசிக்கு வைக்காதீர்கள். உழவர் சந்தையில் நல்ல கீரையும் பிஞ்சுக் காயும் காலையிலேயே போய்விடும். மதியத்துக்கு மேல் பெரும்பாலும் கடையே இருக்காது. ஆறரை மணிக்குள் அம்மாபேட்டை உழவர் சந்தைக்குப் போய், பலகையில் எழுதியிருக்கும் அன்றைய விலையை ஒருமுறை படித்துவிட்டு வாங்குங்கள். தக்காளியில் பாதியைப் பழமாகவும் பாதியைச் செங்காயாகவும் எடுத்தால் ஒரு வாரம் வரும். கத்தரிக்காயின் காம்பு பச்சையாக இருக்க வேண்டும். கீரையின் வேரை நறுக்கி, பிழிந்த ஈரத்துணியில் சுற்றி வீட்டில் வைத்துவிட்டு, சாப்பிட்டபின் பத்து மணிக்குக் கிளம்புங்கள். கூடையில் வாடும் கீரை இருந்தால் பாத்திரக் கடையில் நிதானம் வராது. பழைய பாத்திரம் வாங்க முதலில் வேண்டியது அந்த நிதானம்தான்.

கையில் ஒரு சிறிய காந்தம், ஒரு பாட்டில் தண்ணீர், பழைய துணி, இரண்டு தாள் செய்தித்தாள் இருக்கட்டும். பாத்திரத்தைக் கடைக்குள் இருட்டில் பார்க்காமல் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

எவர்சில்வரில் பலரும் காந்தத்தை மட்டும் நம்புகிறார்கள். அது பாதி உண்மை. நிக்கல் சேர்ந்த 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது. நிக்கல் இல்லாத 430 ரகத்தில் ஒட்டும். ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 200 வரிசை ரகங்களிலும் காந்தம் ஒட்டாது. புளியும் உப்பும் படப்பட முதலில் புள்ளி விழுவது அதில்தான். ஆகவே காந்தம் பார்த்த பிறகு உள்பக்க அடியையும், கைப்பிடி பற்றவைத்த இடத்தையும் விரல் நுனியால் தடவுங்கள். ஊசி குத்தியதுபோல் பழுப்புப் புள்ளி இருந்தால் அதில் புளிக்குழம்பு வைக்க வேண்டாம். அரிசி, பருப்பு போட்டு வைக்க ஆகும். விளிம்பில் மட்டும் காந்தம் லேசாக இழுத்தால் கவலை வேண்டாம். தகட்டை அழுத்தி வளைத்த இடத்தில் 304 ரகமும் கொஞ்சம் இழுக்கும். இரும்பாலையால் ‘சேலம் ஸ்டெயின்லெஸ்’ என்று பெயர் பெற்ற ஊர் இது. ஆனாலும் ஊர்ப் பெயரைக் கேட்டு வாங்காமல் தகட்டைப் பார்த்து வாங்குங்கள். கழுத்தருகே புள்ளி புள்ளியாகப் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருந்தால் அதை ஒதுக்க வேண்டாம். பாத்திரத்தின் வயதைச் சொல்லும் சான்று அது. நாற்பது வருடம் புழங்கியும் அடி நெளியாமல் நிற்கிறது என்றால் தகடு கனமானது.

பித்தளையில் ஓட்டையும், பற்றவைத்து அடைத்த ஒட்டும்தான் பிரச்சினை. தண்ணீர் ஊற்றிச் செய்தித்தாள்மேல் பத்து நிமிடம் வைத்தால் மயிரிழை ஓட்டையும் தெரிந்துவிடும். சமைப்பதற்கு என்றால் உள்ளே ஈயம் பூசியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் புளியும் தயிரும் செம்பைக் கரைத்துக் களிம்பாக்கிவிடும். பூசுகிறவரிடம் வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால், பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் காயவிடக் கூடாது. அதில் எண்ணெய் காயவைத்துப் பொரிக்கவும் கூடாது. பழைய ஈயச் சொம்பை மட்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். காரீயம் கலந்திருந்தால் ரசத்தோடு அதுவும் வயிற்றுக்குள் போகும். வெள்ளைத்தாளில் தேய்த்தால் சாம்பல் கோடு விழுவது காரீயத்தின் அடையாளம். ஆனால் கோடு விழவில்லை என்பதற்காகக் கலப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

கல்சட்டியைப் பொறுத்தவரை புதியதைவிடப் பழையதே மேல் என்பது எங்கள் கருத்து. புதிய மாக்கல் சட்டியைக் கழுநீர், வடிகஞ்சி, எண்ணெய், மஞ்சள் என்று பல நாள் பழக்க வேண்டும்; பழையது அந்த வேலையை முடித்துவிட்டு வருகிறது. கீறல் மட்டும் இருக்கக் கூடாது. வெளிப்பக்கம் முழுவதும் தண்ணீர் தடவி உடனே துணியால் துடையுங்கள். மற்ற இடம் காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாகக் கறுத்து நின்றால் அது விரிசல். விரல் கணுவால் தட்டினால் நல்ல சட்டி கணீரென்னும். விரிசல் விட்டது ‘டொக்’ என்று அடங்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் சோப்பு போடாமல், கழுநீரைச் சிறு தீயில் கொதிக்கவிட்டு இரண்டு முறை கொட்டினால் பழைய எண்ணெய் வாடை போய்விடும். சூடான சட்டியில் குளிர்ந்த தண்ணீர் படவே கூடாது. அது சூட்டைப் பிடித்து வைக்கும் என்பதால் குழம்பு முழுவதும் வற்றும் முன்பே அடுப்பை அணைத்துவிடுங்கள்.

பழைய குக்கரும் நான்ஸ்டிக்கும் வேண்டாம். வால்வை யார், எதைப் போட்டு மாற்றினார்கள் என்று வெளியிலிருந்து தெரியாது.

விலை பேசும் முன், அன்று பழைய பித்தளையைக் கிலோ என்ன விலைக்கு எடுக்கிறார்கள் என்று வேறொரு கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்கும் விலையோடு பற்றவைப்பு, ஈயம் பூசும் கூலியைக் கூட்டினால் புதியதின் விலையை நெருங்குகிறதா? விட்டுவிடுங்கள்.

மளிகைச் சுமையைக் கடைசிக்கு வையுங்கள். செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம் பருப்பு, மிளகாய், புளி எல்லாம் மொத்தமாகக் கிடைக்கும். அடுத்த வீட்டாரோடு பங்கு போட்டால்தான் அந்த விலை பிரயோசனம். மிளகாய் வற்றலைக் குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். வளைந்துகொடுத்தால் ஈரம், பூசணம் பிடிக்கும். நம் ஊர் ஜவ்வரிசி கண்ணைப் பறிக்கும் வெள்ளையாக இருந்தால் தவிர்த்து, சற்று மங்கலானதை எடுங்கள். வெல்லமும் அப்படியே: பளீரென்ற மஞ்சளுக்கு வெளுப்புப் பொருள் காரணமாக இருக்கலாம், அடர் பழுப்பு நல்லது. ஏற்காட்டு மிளகு கிடைத்தால் பத்து மணியைத் தண்ணீரில் போடுங்கள்: கனத்த மிளகு மூழ்கும், உள்ளே ஒன்றுமில்லாத சாவி மிளகும் பப்பாளி விதையும் மிதக்கும். வீட்டுக்கு வந்ததும் வெல்லத்தைத் தாளில் சுற்றி மூடி போட்ட டப்பாவில் போட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் ஒரு ராத்திரி வெளியே இருந்தாலே கசிய ஆரம்பித்துவிடும்.