கேள்வி பதில்: கேம் படமாகும்போது எதை நம்பலாம், எதுக்குப் பயப்படணும்

மாயாஜால கேம்கள் படமாகிறதைப் பற்றிக் கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன். ஒரே நிபந்தனை: அறிவிப்பு வந்ததுமே படம் வந்த மாதிரி பேசக் கூடாது. 'ஷேடோ ஆஃப் தி கொலாசஸ்' படமாகுதுன்னு 2009-ல சேதி வந்தது. அதுக்குப் பிறகு இயக்குநர் பேர்கள் மாறிச்சே தவிர படம் வரலை. இயக்குநர், நடிகர்கள், படப்பிடிப்பு, தேதி, இந்த நாலும் சேர்ந்து வந்தாத்தான் கணக்குல எடுக்கணும்.

வடசேரி: அண்ணாச்சி, 'வார்கிராஃப்ட்' 40 கோடி டாலருக்கு மேல வசூல் பண்ணிச்சே, ஏன் ரெண்டாம் பாகம் எடுக்கலை? நாமதான் கைவிட்டோமா?

கணக்கு உதைச்சுது, அவ்வளவுதான். 2016-ல வந்த படம். தயாரிப்புச் செலவு 16 கோடி டாலர், உலக வசூல் சுமார் 43.9 கோடி. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வசூல்ங்கறது டிக்கெட் வித்த காசு. தியேட்டர் பங்கு போக, ஸ்டூடியோ கைக்குப் பொதுவா பாதிதான் வரும். சீனாவுல வெளிநாட்டுப் படத்துக்குக் கால் பங்குதான். இந்தப் படத்துக்கு வந்ததுல பாதி, 22 கோடி கிட்ட, சீனாவுல வந்தது. அமெரிக்காவுல 4.7 கோடியோட படுத்திட்டு.

போட்டுப் பாருங்க. சீனாவோட 22-ல கால் பங்கு 5.5. மிச்ச 22-ல பாதி 11. மொத்தம் 16.5. செலவு 16. விளம்பரச் செலவை இதுல நான் சேர்க்கவே இல்லை. இந்த அளவுப் படத்துக்கு அதுவே பல கோடி டாலர் வரும். கைக்கணக்கா ஒண்ணு வச்சுக்கிடுங்க: தயாரிப்புச் செலவைப் போல ரெண்டரை மடங்கு வசூலானா படம் தப்பிச்சுது. பாதி வசூல் சீனாவுலன்னா மூணு மடங்குக்கும் மேல வேணும்.

கதையிலும் கோளாறு உண்டு. 1994-ல வந்த முதல் கேமோட போரை, மனுசங்களுக்கும் ஓர்க்குங்கற அரக்கக் கூட்டத்துக்கும் நடக்குறதை, எடுத்தாங்க. ஓர்க் தலைவன் டூரோட்டன் குடும்பம், மனுசப் படைத்தலைவன் லோதரும் மகனும், மெடிவ், காட்கர், கரோனா, குல்டான், இத்தனை பேரையும் 123 நிமிஷத்துக்குள்ள அடைச்சாங்க. கேம் ஆடாதவனுக்கு முதல் அரைமணி நேரம் பேர் மனப்பாடம் பண்ணவே சரியாப் போகும். ஓர்க்குகள் கிராஃபிக்ஸ்ல அசத்தலா இருந்தாங்க. குறிப்பா டூரோட்டன் கைக்குழந்தையைப் பாக்குற காட்சிகள்லே மூஞ்சியே நடிக்கும். அந்தக் குடும்பத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டு, மனுசங்களை அவன் கண்ணால காட்டியிருந்தா படம் நின்னிருக்கும்னு என் எண்ணம். இவங்க உலகம் முழுசையும் ஒரே படத்துல காட்டணும்னு ஆசைப்பட்டாங்க. மாயாஜால கேம் படங்கள் கவுறது பெரும்பாலும் இந்த ஆசையிலதான்.

தக்கலை: 'செல்டா' எப்ப வருது?

நிண்டெண்டோவோட அந்தக் கேம் படமா வர்றது 2027-ல. இயக்கம் வெஸ் பால். இளவரசி செல்டாவா போ பிராகசன், நாம ஆடுற வாள்வீரன் லிங்க்கா பெஞ்சமின் ஈவன் ஐன்ஸ்வொர்த். படப்பிடிப்பு நியூசிலாந்துல. நான் சொன்ன நாலும் இதுக்கு உண்டு.

ஈத்தாமொழி: கேம் கதையை அப்படியே எடுத்தா, தெரிஞ்ச கதைக்கு யாரு காசு கொடுப்பா?

கோயில் கொடையில வில்லுப்பாட்டு கேக்க உக்காருறவங்கள்ல நீலி கதையோட முடிவு தெரியாதவங்க யாரு? எல்லாரும் விடிய விடிய இருக்காங்களே. பாட்டுக்காரர் எந்த இடத்துல நின்னு விரிக்கிறார்ங்கறதுலதான் சங்கதி இருக்கு. கேமுக்கும் அதே. 'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்' ஆட்டத்துல அஞ்சு பேரும் அஞ்சு பேரும் மோதுவாங்க, ஆட்டத்துக்குள்ள கதைன்னு பெருசா ஒண்ணும் கிடையாது. 2021-ல 'ஆர்கேன்' தொடர் அங்கிருந்து வை, ஜின்க்ஸ்னு அக்கா தங்கச்சியை மட்டும் பிடிச்சுது. நூத்துக்கும் மேல பாத்திரங்கள் இருந்தும், மிச்சப் பேரை வரிசையா கொண்டுவந்து நிறுத்தலை. ஒரு பருவத்துக்கு 9 பாகம், கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் கிடைச்சதும் உதவிச்சு.

குளச்சல்: அண்ணே, கேமை உண்டாக்கினவரே இயக்கினா பயமில்லைதானே?

அந்த நம்பிக்கையை விட்டுருங்க. 'ஃபைனல் ஃபேன்டசி'யை உருவாக்கின ஹிரோனோபு சகாகுச்சியேதான் 2001-ல 'தி ஸ்பிரிட்ஸ் விதின்' எடுத்தார். செலவு 13.7 கோடி டாலர், வசூல் 8.5 கோடி. கேம்ல இருந்த மந்திரம், சோகோபோ பறவை ஒண்ணும் இல்லாம, எதிர்காலப் பூமியில நடக்குற விஞ்ஞானக் கதை. கேம் ரசிகனுக்குத் தலைப்பு மட்டும்தான் மிச்சம். புதுசா வந்தவனுக்கு அந்தத் தலைப்பால ஒரு லாபமும் இல்லை. கேம் வடிவமைக்கிறது வேற கை, படம் எடுக்கிறது வேற கை. உண்டாக்கினவர் தயாரிப்புல உக்காந்து, 'இது எங்க உலகத்துல நடக்காது'ன்னு சொல்ற அதிகாரத்தோட இருந்தாப் போதும். 'செல்டா'வுல அந்தக் கேமை உண்டாக்கின மியாமோட்டோ தயாரிப்பாளர், செலவுல பாதிக்கு மேல நிண்டெண்டோ பணம். எனக்குக் கொஞ்சம் தைரியம் தர்றது அதுதான். 1993-ல மாரியோ படத்துக்கு உரிமத்தைக் கொடுத்துட்டு ஒதுங்கிக்கிட்ட அதே கம்பெனிதான் இது.

மார்த்தாண்டம்: 'செல்டா' ட்ரெய்லர்னு ஒண்ணு வாட்ஸ்ஆப்ல வந்துச்சு. தேதி எப்பண்ணா?

தேதி மேல இருக்கு. ட்ரெய்லரை நிண்டெண்டோ, அதோட சேர்ந்து படம் எடுக்குற சோனி, இவங்க சொந்தச் சேனல்ல தேடிப் பாருங்க. அங்கே இல்லைன்னா அது யாரோ ஏஐ-ல செஞ்ச சரக்கு. ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததுக்கும் வாள் உறை மாறும், விரல் எண்ணிக்கை இடிக்கும். அதைப் பாத்துட்டு 'லிங்க் மூக்கு சரியில்லை'ன்னு சண்டைக்கு வராதீங்க.

திங்கள்சந்தை: 'விட்சர்' தொடர் கேமைக் கெடுத்துட்டே?

அது கேம்ல இருந்து எடுத்ததே இல்லை. போலந்து எழுத்தாளர் சப்கோவ்ஸ்கியோட புத்தகங்கள்ல இருந்து எடுத்தது. புத்தகம் படிச்சவங்க கிட்ட போய் அழுங்க, அவங்களுக்கு உங்களைவிடக் கோபம் கூடுதல்.

குலசேகரம்: லிங்க் படத்துல பேசக் கூடாது. ஒரு வார்த்தை பேசினாலும் நான் தியேட்டருக்குப் போகமாட்டேன்.

வாங்க, இதைத்தான் எதிர்பார்த்தேன். கேம்ல லிங்க் பேசாம இருக்கான்னா, அந்த இடம் ஆடுறவனுக்காகக் காலியா விட்டது. மத்தவங்க கேக்காங்க, பதிலை நாம மனசுல சொல்லிக்கிடுதோம். படத்துல ஆடுறவன்னு ஒருத்தன் கிடையாது. அங்கே மௌனம் காலி இடமா இருக்காது, அந்த ஆளோட குணமா ஆயிரும். 'ஏன் இவன் பேசமாட்டேங்கான்'னு பாக்குறவன் கேப்பான். படம் அதுக்கு விடை வச்சிருக்கணும்.

குலசேகரம்: விடை கேம்லயே இருக்கே. 'பிரெத் ஆஃப் தி வைல்ட்'ங்கற செல்டா கேம்ல அவளோட டைரியில வருது.

சரியாப் பிடிச்சீங்க. எல்லார் கண்ணும் தன்மேல இருக்கறதால உறுதியாத் தெரியணும், சுமையை வாய்விட்டுச் சொல்லாமத் தாங்கணும்னு அவன் நினைக்கிறதா அவ எழுதியிருப்பா. படத்துக்கு ஆகுற காரணம் அது. ஆனா கவனிங்க, அந்த விஷயம் டைரியில எப்படி வந்தது? அவன் அவகிட்ட சொல்லியிருக்கான். அப்ப பேசுறவன்தான், கொஞ்சமாப் பேசுவான்.

கருங்கல்: 2023 படத்துல மாரியோ பேசலியா? யாரு செத்தா?

மாரியோவுக்கு 1996-லயே 'சூப்பர் மாரியோ 64'-ல குரல் இருந்தது. நமக்குப் பழகின குரலை மாத்தினாங்க, அவ்வளவுதான். லிங்க் கிட்ட நாம கேட்டதெல்லாம் வாள் வீசும்போது வர்ற 'ஹ்யா' மட்டும். 1989 கார்ட்டூன்ல வாய் ஓயாமப் பேச விட்டாங்க, இன்னைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்காங்க. ரெண்டும் ஒண்ணில்லை.

குலசேகரம்: அப்ப நான் சொன்னதுதான் சரி.

பாதி சரி. முழு மௌனத்துல ஒரு நடைமுறைத் தொல்லை இருக்கு. நாயகன் வாயே திறக்கலைன்னா, கதையைச் சொல்லப் பக்கத்துல ஒருத்தர் நிறுத்தாமப் பேசணும். கேம்ல லிங்க் கூடவே பறக்குற நாவிங்கற குட்டித் தேவதை அதைத்தான் செஞ்சுது, அந்த 'ஹே, லிஸன்' எத்தனை பேரைக் கொன்னுதுன்னு உங்களுக்கே தெரியும். நான் எழுதினா லிங்க்குக்கு இருபது வரி வசனம் வைப்பேன். ஒவ்வொண்ணும் வேற வழியில்லாமப் பேசுற இடமா இருக்கும், முதல் வரி செல்டாகிட்ட. மிச்சத்தை முகமும் கையும் பாத்துக்கிடும்.

கருங்கல்: இருபதா! அதுக்கு ஊமைப்படமே எடுக்கலாம்.

குலசேகரம்: இருபது கூடுதல். பத்து.

ரெண்டு பேரும் வெளியே போய்ப் பேசி முடிச்சிட்டு வாங்க. அடுத்த ஆள்.

இரணியல்: 'எல்டன் ரிங்'?

இயக்குநர் அலெக்ஸ் கார்லண்ட், தயாரிப்பு ஏ24, அறிவிப்பு 2025 மே மாசம். இதுலதான் எனக்கு ஆசையும் பயமும் சமமா இருக்கு. இந்தக் கேம்ல கதையை யாரும் நேரா சொல்றது இல்லை. வாள், மோதிரம், சாம்பல்னு ஒவ்வொரு பொருளோட குறிப்பையும் படிச்சு நாமதான் ஒட்டவைக்கணும். அதை ஒரு பாத்திரத்தோட வாயால விளக்க ஆரம்பிச்சா போச்சு. கேம்ல நாம ஆடுற காலத்துக்கு முன்னாடி நடந்ததுக்கு ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதின புராணம்தான் அடித்தளம். காட்வின் கொலையான கறுப்புக் கத்தி இரவு, கேலிட்ங்கற நிலத்துல ராடானும் மலேனியாவும் மோதி மண்ணே செந்நோய் பிடிச்சது, இதுல ஒண்ணை எடுத்தாலே இரண்டரை மணி நேரத்துக்குச் சதை இருக்கு. ரெண்டையும் எடுத்தா 'வார்கிராஃப்ட்' கதிதான்.

ஆரல்வாய்மொழி: நாம எல்லாரும் சேர்ந்து கத்தினா மாத்துவாங்களா, 'சானிக்' மாதிரி?

தோற்றத்தை மாத்துவாங்க. 2019 ஏப்ரல்ல ட்ரெய்லர் வந்தது, பல்லும் காலும் பாத்துச் சிரிச்சாங்க, நவம்பர் வெளியீட்டை 2020 பிப்ரவரிக்குத் தள்ளி உருவத்தைத் திருத்தினாங்க. அது கணினியில செஞ்ச பாத்திரம், அதனால முடிஞ்சுது. திரைக்கதை அப்படி மாறாது. ட்ரெய்லர் வரும்போது படப்பிடிப்பு முடிஞ்சிருக்கும்.

களியக்காவிளை: செல்டா தேதி?

மேல போய் வாசிங்க.

நாகர்கோவில், கோட்டாறு: தமிழ் டப்பிங்கை நினைச்சாத்தான் பயமா இருக்கு, சாரே.

நியாயமான பயம். எல்ஃப்னா செந்தமிழ், ஓர்க்னா மெட்ராஸ் பாஷைன்னு ஒரு வழக்கம் வச்சிருக்காங்க, அதுதான் முதல் கேடு. ராஜா பேசுறதும் வீரன் பேசுறதும் வேறயா இருக்கட்டும், ஆனா அது மரியாதையிலயும் வாக்கிய நீளத்துலயும் தெரியணும். ரெண்டாவது, உதடு. திரையில வாய் மூடுற இடத்துல ப, ம வர்ற சொல் விழணும். அதுக்காக வரியை மாத்தி எழுதுற பொறுமை வேணும், அவசரத்துல அதைத்தான் முதல்ல விடுவாங்க. மூணாவது, பேர்கள். செல்டாவோட நாடான ஹைரூலை 'மாயபுரி'ன்னு ஆக்கினா கேம் ஆடினவனும் முழிப்பான், ஆடாதவனும் முழிப்பான். பேரை அப்படியே விட்டுட்டு, பட்டம், பதவி, ஆயுதம் எல்லாத்தையும் தமிழ்ல சொன்னாப் போதும்.