‘விசரியின்ர மகள்’

கேள்வி: நான் எட்டாம் தர வகுப்பாசிரியை. ஒரு மாணவியின் தாய் மனநோய்க்கு மருந்து எடுப்பது வகுப்பில் பரவிவிட்டது. ‘விசரியின்ர மகள்’ என்கிறார்கள், பக்கத்தில் இருக்கவும் மறுக்கிறார்கள். வைத்தியர் ஒருவரை அழைத்துப் பேசவைத்தால் சரிவருமா?
– வாசகி, கோப்பாய்

பதில்: ஒருநாள் பேச்சு போதாது. முதலில் கேலி செய்தவர்களைத் தனித்தனியே கூப்பிட்டு இன்றே நிறுத்துங்கள். அதன்பின் வாரம் ஒன்றாக மூன்று பாடவேளை ஒதுக்குங்கள். எதிலும் அந்த மாணவியின் கதையை எடுக்கவேண்டாம்.

முதல் வாரம் எல்லோருக்கும் துண்டுக் கடதாசி கொடுத்து, மனநோய் பற்றிய ஒரு கேள்வியைப் பெயரில்லாமல் எழுதச் சொல்லுங்கள். ‘தொத்துமா?’, ‘செய்வினையா?’, ‘அடிப்பினமா?’ என்றுதான் வரும். தொத்தாது, செய்வினையுமில்லை, பெரும்பாலானோர் யாரையும் அடிப்பதில்லை, அவர்கள்தான் கூடுதலாக அடிவாங்குகிறார்கள் என்று நேரடியாகச் சொல்லுங்கள். மனநோய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று 14 வயதுக்குள்ளும் பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்குவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இது அவர்களுடைய வயதுக் கதையுந்தான்.

இரண்டாம் வாரம் சொற்கள். ‘விசர்’ என்ற சொல்லைத் தடைசெய்தால் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். ‘அவ விசரி’, ‘அவவுக்கு மனச்சோர்வு, மருந்து எடுக்கிறா’ என்ற இரண்டையும் பலகையில் எழுதி, எவரிடம் கொப்பி இரவல் கேட்பீர்கள் என்று கேளுங்கள். வித்தியாசத்தை அவர்களே சொல்லட்டும்.

மூன்றாம் வாரத்துக்கு மற்ற இரண்டையும்விடக் கூடிய நேரம் வேண்டும். பிள்ளைகள் ஒதுங்குவதற்கு, என்ன கதைப்பதென்று தெரியாததும் ஒரு காரணம். இருவர் இருவராக நடித்துப் பழக்குங்கள்: பல நாள் வராத தோழி வருகிறாள், முதல் வசனம் என்ன? ‘உனக்கு என்ன நடந்தது?’ என்றுதான் தொடங்குவார்கள். ‘நோட்ஸ் எழுதி வைச்சிருக்கிறன், இந்தா’ என்று மாற்றிச் சொல்லப் பழகட்டும்.

காதில் குரல் கேட்பதுபோல நடித்துக் காட்டும் பயிற்சி வேண்டாம், பயந்து இன்னும் விலகுவார்கள். ‘மூளைக் கோளாறு’ என்று மட்டும் விளக்கினால் பழிசொல்வது குறையும். ஆனால் மாறவே மாறாது என்ற எண்ணம் வலுக்கும். சிகிச்சையெடுத்து வேலைக்குப் போகிறவர்களைப் பற்றியும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்த மாணவியோடு தனியே கதையுங்கள். அம்மாவின் வருத்தத்துக்கு அவள் காரணமில்லை என்பதை வாய்விட்டுச் சொல்லவேண்டும். பிள்ளைகள் அப்படி நினைத்து உள்ளுக்குள் வைத்திருப்பார்கள். வகுப்பில் என்ன சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதை அவளே தீர்மானிக்கட்டும். எல்லா இரகசியத்தையும் காப்பேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். சாவைப்பற்றிக் கதைத்தால் அன்றைக்கே பொறுப்பான பெரியவருக்கும் உளவளத்துணை ஆசிரியருக்கும் தெரிவியுங்கள். இலங்கையின் தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926.

ஒரு மாதம் கழித்து, இடைவேளையில் அவள் யாரோடு சாப்பிடுகிறாள் என்று பாருங்கள்.