வால்வு மாற்றினால் பாட்டு மாறுமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பழைய ரேடியோ பற்றிய உங்கள் கட்டுரையில் ‘வால்வின் வெதுவெதுப்பு குரலில் இறங்கியிருந்தது’ என்று ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். ஒன்றரை வருடம் பணம் சேர்த்து 300பி என்ற கண்ணாடிக் குழாய் வால்வு போட்ட ஆம்ப்ளிஃபையர் வாங்கினேன். சானலுக்கு எட்டு வாட். தனிக்குரல், வீணை, சாக்ஸஃபோன் எல்லாம் எதிரே உட்கார்ந்து வாசிப்பதுபோல இருக்கிறது. ஆனால் முழு ஆர்கெஸ்ட்ரா வந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குழம்பிவிடுகிறது.

நண்பர்கள் 300பிக்கு முன்னால் இருக்கும் சின்ன வால்வான 6எஸ்என்7ஐ மாற்று, அந்தக் காலத்தில் செய்து விற்காமல் கிடந்த பழைய ஸ்டாக் போட்டுப்பார் என்கிறார்கள். மூன்று ஜோடி மாற்றியாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் முதல் நாள் பிரமாதம், நாலாம் நாள் பழைய கதை. என்ஜினியரான என் மைத்துனர், ‘நீ ரசிப்பது பாட்டை இல்லை, டிஸ்டார்ஷனை, ஆம்ப் பாட்டில் சேர்க்கிற கோணலை’ என்று சிரிக்கிறார். நான் கேட்பதெல்லாம் பிரமையா? அடுத்து எந்த வால்வு வாங்கலாம்? நீங்கள் என்ன பாட்டு கேட்கிறீர்கள்? இன்னொரு சந்தேகம்: ஒரு 300பியின் கண்ணாடியில் நீல ஒளி தெரிகிறது. பயப்பட வேண்டுமா?

க.

அன்புள்ள க.,

அந்த வரியை எழுதும்போதே எனக்கு உறுத்தியது. வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டதே என்று விட்டுவைத்தேன். வால்வு சுடும், தொட்டால் விரல் பொத்துப்போகும். அந்தச் சூடு குரலுக்குள் போவதில்லை. இன்னொருவர் அதை நம்பி மூன்று ஜோடி வாங்குவார் என்று தெரிந்திருந்தால் அந்த வரியை அடித்திருப்பேன்.

நாலாவது ஜோடி வாங்காதீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வால்வின் பெயர், வாட் கணக்கு எல்லாம் இருக்கிறது. ஸ்பீக்கர் என்ற சொல்லே இல்லை. எனக்கு நோய் அங்கேதான் தெரிகிறது.

ஸ்பீக்கரோடு வந்த தாளை எடுத்துப் பாருங்கள். 86 டெசிபெல், 90 டெசிபெல் என்று ஓர் எண் போட்டிருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் என்பதுதான் அது. சத்தம் 3 டெசிபெல் ஏற வாட் இரண்டு மடங்காக வேண்டும், 10 டெசிபெல் ஏறப் பத்து மடங்கு. 86 என்றால், உங்கள் எட்டு வாட்டையும் கொட்டினாலும் 95தான் வரும், அதுவும் ஒரு மீட்டரில். நீங்கள் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பீர்கள், அதில் இன்னும் குறையும். ஆர்கெஸ்ட்ராவில் எல்லோரும் சேர்ந்து எழும்பும் இடம் சராசரியைவிட 15, 20 டெசிபெல் மேலே போகும். அந்த உயரத்துக்கு உங்கள் ஆம்பிடம் மூச்சு இல்லை. தலையை முட்டிக்கொள்கிறது. அதைத்தான் குழம்புகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தனிக்குரல் அந்த உயரத்துக்குப் போவதே இல்லை, அதனால் பிழைத்துக்கொள்கிறது.

96 டெசிபெல் ஸ்பீக்கராக இருந்தால் அதே சத்தத்துக்கு முக்கால் வாட்டும் சொச்சமும் போதும். 1938இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 300பியைக் கொண்டுவந்த காலத்தில் சினிமா தியேட்டர்களில் இருந்தவை பெரிய ஹார்ன் ஸ்பீக்கர்கள். சில வாட்டிலேயே அவை அரங்கை நிறைத்துவிடும். நாம் அந்த வால்வை அங்கிருந்து பிடுங்கிவந்து, புத்தக அலமாரியில் வைக்கிற சின்னப் பெட்டியை இழு என்கிறோம்.

இனி உங்கள் மைத்துனர். அவர் சொன்னது பாதி சரி, ஆனால் அந்தப் பாதிதான் சுவாரசியமானது.

உங்களுடையது சிங்கிள் எண்டட் ஆம்ப், ஒரு சானலுக்கு ஒரே பவர் வால்வு. இந்த வகையில் வரும் டிஸ்டார்ஷனில் பெரும்பகுதி இரண்டாம் ஹார்மோனிக், அதாவது மூலச் சுரத்தின் இரண்டு மடங்கு அதிர்வு. பாடகர் ஷட்ஜத்தில் நின்றால் ஆம்ப் தன் பங்குக்கு மேல் ஷட்ஜத்தை லேசாகச் சேர்க்கும். மூன்றாவது ஹார்மோனிக் அதற்கு மேல் பஞ்சமம், ஐந்தாவது அந்தர காந்தாரம். தம்புராவில் காந்தாரத்துக்கென்று தந்தி கிடையாது. ஆனாலும் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே இருக்கும் நூலைச் சரியான இடத்துக்கு நகர்த்தினால், எங்கிருந்தோ காந்தாரம் கேட்க ஆரம்பிக்கும். அதை யாரும் டிஸ்டார்ஷன் என்று திட்டுவதில்லை. காது பழகிய உறவுக்காரர்கள்தான் இவர்கள், கூட வந்து உட்கார்ந்தால் உறுத்தாது.

ஒரு குரல் இருக்கும்வரைதான் இந்த இன்பம். ஒரே நேரத்தில் இரண்டு சுரம் ஒலித்தால், ஹார்மோனிக்கைச் சேர்க்கும் ஆம்பின் அதே கோணல் அவற்றைக் கூட்டியும் கழித்தும் புதுச் சத்தங்களை உண்டாக்கும். ஷட்ஜம் 240 ஹெர்ட்ஸ், மத்யமம் 320 என்று வையுங்கள். கூட்டினால் 560. மேல் ஸ்தாயியில் சதுஸ்ருதி ரிஷபம் 540, சாதாரண காந்தாரம் 576. இந்த 560 இரண்டுக்கும் நடுவே, எந்த வீட்டிலும் சேராமல் தெருவில் நிற்கும். இரண்டு சுரத்துக்கே இப்படி என்றால் அறுபது பேர் வாசிக்கும்போது எவ்வளவு கூட்டல் கழித்தல் நடக்கும் என்று யோசியுங்கள். ஆம்ப் மூச்சு முட்டும் இடத்தில் இது பல மடங்காகும். ஆகவே மைத்துனரிடம், தனிக்குரலில் ரசிக்கிறேன், ஆர்கெஸ்ட்ராவில் அவதிப்படுகிறேன், இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று சொல்லிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. வால்வுப் பேச்சில் அது ஏனோ வருவதே இல்லை. ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஸ்பீக்கர் பக்கமிருந்து பார்த்தால் தெரியும் ஆம்பின் எதிர்ப்பு. 300பியின் உள் எதிர்ப்பு 700 ஓம் அளவில் இருக்கும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் 3500 ஓமை 8 ஓமாக இறக்குகிறது என்றால் அந்த 700, ஸ்பீக்கர் பக்கத்தில் 1.6 ஓமாகத் தெரியும். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுக் கம்பியின் எதிர்ப்பையும் சேர்த்தால் வெளிவருவதைக் கொஞ்சம் உள்ளே திருப்பிவிட்டுத் திருத்திக்கொள்ளும் ஃபீட்பேக் இல்லாத ஆம்பில் 2 ஓமைத் தாண்டும். ஸ்பீக்கர் மேல் 8 ஓம் என்று எழுதியிருப்பது ஒரு மரியாதைக்கு. ஓர் இடத்தில் 5, ஸ்பீக்கர் தானாகவே அதிக அளவில் அதிரும் பேஸ் ரெஸனன்ஸில் 30 என்று ஏறி இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தோடு 2 ஓமைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், இரண்டு இடங்களுக்கும் 2.4 டெசிபெல் வித்தியாசம் வருகிறது. டிரான்சிஸ்டர் ஆம்பில் இதே வித்தியாசம் 0.1 டெசிபெல்கூட இருக்காது. அதாவது உங்கள் ஆம்ப், யாரும் சொல்லாமலேயே, உங்கள் ஸ்பீக்கருக்கு ஏற்றபடி டோன் கன்ட்ரோலைத் திருகிவைத்திருக்கிறது. பேஸ் கொஞ்சம் தடிக்கும், குரல் கொஞ்சம் முன்னால் வரும். ‘வெதுவெதுப்பு’ என்று நாம் எழுதுவதில் பாதிக்கு மேல் இதுதான். ஸ்பீக்கரை மாற்றினால் திருகலும் மாறிவிடும். அதனால்தான் ஒருவர் வீட்டில் தேனாக ஒலித்த ஆம்ப் இன்னொருவர் வீட்டில் சளி பிடித்ததுபோல ஒலிக்கிறது.

நம்பச் சொல்லவில்லை, நானே செய்துபார்த்தேன். சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்றை எடுத்து, ஸ்பீக்கருக்குப் போகும் சிவப்பு வயர் இரண்டிலும் ஆளுக்கொரு 2 ஓம், 10 வாட் ரெசிஸ்டரைச் சேர்த்தேன். சுண்டுவிரல் நீளத்தில் வெள்ளைப் பீங்கான் கட்டி, அவ்வளவுதான். ஆம்பைத் துணியால் மூடிவிட்டு வால்வுப் பைத்தியமான என் நண்பனைக் கூப்பிட்டேன். அரை மணி நேரம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, ‘என்ன வால்வு போட்டிருக்கிறாய்?’ என்றான். துணியை எடுத்தபோது அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் பேசவில்லை. இதன் பெரிய வடிவத்தை அமெரிக்காவில் ஆம்ப் வடிவமைப்பாளர் பாப் கார்வர் 1985லேயே செய்துகாட்டினார். ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரர்கள் வைத்திருந்த விலை உயர்ந்த வால்வு ஆம்பின் குணத்தைத் தன் டிரான்சிஸ்டர் ஆம்பில் கொண்டுவந்தார், அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

6எஸ்என்7க்கு வருகிறேன். தேய்ந்துபோனதை மாற்றினால் வித்தியாசம் தெரியும். இரைச்சல் போடுகிறதை, பென்சிலால் தட்டினால் ஸ்பீக்கரில் மணியடிக்கிறதை மாற்றத்தான் வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் ஒன்றை இன்னொரு நல்லதால் மாற்றினால்? என் மகள் ஒவ்வொரு தடவையும் ஆம்பை அணைத்து, ஆறவிட்டு, துணியால் பிடித்து மாற்ற, நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இப்போது எது போட்டிருக்கிறது என்று பத்துத் தடவை சொன்னேன். ஐந்து சரி. காசு சுண்டியிருந்தாலும் அதே ஐந்து வந்திருக்கும், அவளுடைய ஞாயிற்றுக்கிழமையும் மிஞ்சியிருக்கும். உங்களுடைய ‘முதல் நாள் பிரமாதம்’ பொய் இல்லை. புது வால்வு போட்ட அன்று மனிதன் போனைத் தள்ளிவைத்து, விளக்கைக் குறைத்து, ஒழுங்காக உட்கார்ந்து கேட்கிறான். நாலாம் நாள் பாடவிட்டுவிட்டுத் துணி மடிக்கிறான். நானும் அப்படித்தான்.

பழைய ஸ்டாக் என்றதும் என் பங்குக்கு ஒரு வயிற்றெரிச்சல். ரெக்கார்டு பிளேயருக்கான ப்ரீஆம்ப் ஒன்றுக்கு ஜெர்மன் நிறுவனமான டெலிஃபுங்கனின் இசிசி83 வால்வு இரண்டு வாங்கினேன். பழுப்பேறிய அட்டைப்பெட்டி, உள்ளே நெளிவு அட்டை, பார்த்ததுமே கண் கலங்கும் பழமை. கண்ணாடியைத் துடைக்கலாம் என்று கட்டைவிரலை வைத்தேன். பெயர் விரலோடு வந்துவிட்டது. அந்த நிறுவனம் தன் ஆலையில் செய்த இசிசி83ஐக் கவிழ்த்துப் பார்த்தால் பின்களுக்கு நடுவே, அடிக்கண்ணாடியில், வார்ப்பிலேயே ஒரு சின்ன வைர வடிவம் இருக்கும். என்னுடையதில் வழுவழுவென்று ஒன்றுமில்லை. விற்றவர் அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், அதற்கு முந்தின வாரம்தான் அவற்றின் ‘ஜெர்மானியத் துல்லியம்’ பற்றி நண்பர்களுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதியிருந்தேன்.

பிறகு ஏன் இன்னும் வால்வு ஆம்ப் வைத்திருக்கிறேன்? பிடித்திருக்கிறது. நான் வைத்திருப்பது இஎல்84 வால்வுகள் ஜோடியாக வேலை செய்யும் புஷ்புல் ஆம்ப், பதினைந்து வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு, கூடவே 95 டெசிபெல் ஸ்பீக்கர். பெட்டி பெரிது, பார்க்க அழகில்லை, வீட்டில் அதற்கு ‘பீரோ’ என்று பெயர். உங்களுக்கும் பீரோதான் சிபாரிசு. வாங்குவதற்கு முன் யாரிடமாவது இரவல் பெற்று, நீங்கள் குழம்புகிறது என்று சொன்ன அதே ஆர்கெஸ்ட்ராவைப் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

என்ன கேட்கிறேன் என்றால், அதிகமும் கர்நாடக சங்கீதப் பாடகர் எம்.டி.ராமநாதன். அந்தக் கீழ் ஸ்தாயியில் அவர் அவசரமே இல்லாமல் ஒரு சுரத்தில் நின்றால், நல்ல பேஸ் எது, வெறும் தடித்த பேஸ் எது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆம்பைச் சோதிக்க அவரைப் போடுவதாகச் சொல்லிக்கொண்டு ஆரம்பிப்பேன், முக்கால் மணி நேரம் கழித்து எதைச் சோதித்தேன் என்பது நினைவிருக்காது. இரவில் ஜாஸ் கலைஞர் பென் வெப்ஸ்டர். அவர் சாக்ஸஃபோனில் சுரம் முடிந்த பிறகும் வெறும் மூச்சு மட்டும் கொஞ்ச தூரம் போகும். அதற்கு உங்கள் எட்டு வாட்டே ஏராளம்.

நீல ஒளிக்குப் பயப்படாதீர்கள், அது எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். கண்ணாடியின் உள்பக்கத்தில் படலம்போல ஒட்டி, பாட்டுக்கு ஏற்ப அசைந்தால் நல்லது. வழிதவறிய எலக்ட்ரான்கள் கண்ணாடியில் மோதுவதால் வருவது. நடுவே, உலோகத் தகடுகளுக்கு இடையில், ஊதா நிறத்தில் மூட்டமாக இருந்தால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது, அதை மாற்றிவிடுங்கள். உள்பக்கம் வெள்ளிபோல் மினுங்கும் பூச்சு பால் வெள்ளையாகிவிட்டால் காற்றே புகுந்துவிட்டது என்று அர்த்தம். வெளித்தகடு அடுப்புக்கரிபோலச் சிவந்தால் யோசிக்காமல் உடனே அணையுங்கள். அணைத்த கையோடு அடிமூடியைக் கழற்றாதீர்கள். கெப்பாசிட்டர்களில் நானூறு வோல்ட்வரை மிச்சம் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும். அந்த வேலைக்கு உங்கள் மைத்துனரைக் கூப்பிடுங்கள். அவருக்கும் டிஸ்டார்ஷனைக் கொஞ்சம் கேட்டுப்பார்க்க ஒரு சாக்கு கிடைக்கும்.