பேய்ப் படத்தில் கொலைகாரன் போடும் ஓட்டை ஓட்டையான வெள்ளை முகமூடி எதற்கானது?

‘ஃப்ரைடே த தர்ட்டீன்த்’ படங்களில் வரும் கொலைகாரன் ஜேசன் போட்டுக்கொண்டு வருவது ஐஸ் ஹாக்கி கோல்கீப்பரின் பழைய முகமூடி. பனித்தரையில் சறுக்கிக்கொண்டே ஆடும் அந்த ஹாக்கியில் பந்து கிடையாது, ‘பக்’ என்ற கெட்டி ரப்பர் வட்டுதான். 170 கிராம் வரை இருக்கும், துள்ளக்கூடாது என்று ஆட்டத்துக்கு முன்னால் உறைய வைத்துவிடுவார்கள், மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும். எங்கள் கிருஷ்ணகிரி பக்கம் தோப்பில் பசங்க கல் விட்டு மாங்காய் அடிக்கும்போது மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்வான் இல்லையா, கோல்கீப்பருக்கு ஆட்டம் முழுக்க அதே நிலைமை.

1959 நவம்பரில் மாண்ட்ரியல் கோல்கீப்பர் ஜாக் பிளான்டின் முகத்தைப் பக் கிழித்துவிட்டது. தையல் போட்டுக்கொண்டு வந்தவர், முகமூடி இல்லாமல் இறங்க மாட்டேன் என்று பிடிவாதமாகச் சொல்லி அதோடுதான் ஆடினார். எனக்கு அவர்தான் ஹீரோ! அப்புறம் பாஸ்டனின் ஜெர்ரி சீவர்ஸ், முகமூடியில் பக் பட்ட இடத்திலெல்லாம் தையல் போட்ட மாதிரி கோடு வரைய வைத்தார். பார்த்தாலே சிரிப்பு வரும்.

சரி, சினிமாவில் மட்டும் ஏன் பயம்? அந்த முகமூடியில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. தர்மபுரியில் புதுவீட்டு முன்னால் தொங்கும் திருஷ்டி பொம்மை முறைக்கவாவது செய்யும், இது அதுவும் செய்யாது.

ஜேசன் முதல் படத்திலிருந்தே இதைப் போட்டிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். ‘ஃப்ரைடே த தர்ட்டீன்த்’ வரிசையில் 1982இல் வந்த மூன்றாம் படத்தில்தான் அது அவன் கைக்கு வந்தது, இரண்டாம் படத்தில் தலையில் வெறும் சாக்குப்பைதான்.